தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலி: நீட்சிகளை எதுவரை நம்பலாம்?

2004 டிசம்பரில் முதல் பதிப்பு வெளிவந்த நாள்தொட்டே, தன்னிடம் இல்லாததைத் தன்னார்வலர்களின் நீட்சிகளைக் (செயலியோடு சேர்த்து நிறுவும் சிறு நிரல்கள்) கொண்டு ஈடுகட்டி வந்த செயலி தண்டர்பேர்ட். நாட்காட்டி வேண்டியவர்கள் லைட்னிங் நீட்சியையும், மறைகுறியாக்கம், அதாவது கடிதத்தைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி, வேண்டியவர்கள் எனிக்மெயில் நீட்சியையும் நிறுவிக்கொண்டார்கள். 2020இல் வெளிவந்த 78 வரிசைப் பதிப்புகளில் இவ்விரண்டு வேலைகளும் செயலியின் உள்ளமைந்த வசதிகளாயின. அலுவல் அஞ்சல் முழுவதையும் இதில் வைத்திருக்கும் எனக்கு, தண்டர்பேர்ட் குழு எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இதுதான் என்று தோன்றுகிறது.

எனிக்மெயில் காலத்தில் மறைகுறியாக்கப்பட்ட ஒரு கடிதத்தை அனுப்ப, பூட்டும் வேலையைச் செய்யும் க்னூபிஜி என்ற மென்பொருளைத் தனியாகத் தரவிறக்கி நிறுவி, அதன்மேல் நீட்சியைச் சேர்த்து, பிறகுதான் கடிதங்களைப் பூட்டவும் திறக்கவும் உதவும் மின்சாவிகளை உருவாக்க வேண்டியிருந்தது. மூன்று வெவ்வேறு குழுக்கள் எழுதிய மூன்று மென்பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் கடிதம் பூட்டப்படும். இந்தச் சுமையைப் பல ஆண்டுகள் தாங்கி நின்ற, எனிக்மெயிலைப் பராமரித்த பேட்ரிக் புருன்ஷ்விக்கின் உழைப்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால், செயலியின் எந்தப் பகுதிக்குள்ளும் நுழைந்து மாற்றம் செய்ய இடமளித்த பழைய நீட்சி முறையை 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் உலாவியின் 57ஆம் பதிப்பு கைவிட்டதும், அதே அடித்தளத்தின் மேல் நிற்கும் தண்டர்பேர்டும் அவ்வழியே போக வேண்டியதாயிற்று. தண்டர்பேர்ட் 78க்காக வந்த எனிக்மெயில் பதிப்புக்கு இருந்த ஒரே வேலை, பயனரின் பழைய சாவிகளைப் புதிய இடத்துக்கு மாற்றித் தருவதுதான்.

உள்ளே வந்துவிட்டதாலேயே எல்லாம் நிறைவாக அமைந்துவிடவில்லை. உரிமங்கள் பொருந்தாததால் க்னூபிஜியைச் செயலியோடு சேர்த்துத் தர இயலாமல், ஆர்.என்.பி. என்ற வேறொரு நிரலகத்தைப் பயன்படுத்தினார்கள். இதனால், சாவியை ஸ்மார்ட் கார்டில் வைத்திருப்பவர்கள் இன்றும் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய் வெளி க்னூபிஜியை இயக்க வேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய பிழையும் நேர்ந்தது. 78.8.1 முதல் 78.10.1 வரையிலான பதிப்புகளில் இறக்குமதி செய்த தனிச்சாவிகள் (கடிதத்தைத் திறக்கும், பயனர் மட்டுமே வைத்திருக்க வேண்டிய சாவிகள்), பூட்டப்படாமலேயே வட்டில் சேமிக்கப்பட்டன. பாதுகாப்புக்கென்றே உள்ள வசதியில் இப்படி நேர்ந்தது கடுமையான குறைதான். எனினும் அது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, 78.10.2இல் வழக்கமான புதுப்பிப்பாகவே எல்லோருக்கும் திருத்தம் வந்து சேர்ந்தது. ஓய்வு நேரத்தில் ஒருவர் பராமரிக்கும் நீட்சியிடம் அந்த உறுதியை எதிர்பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். இவ்வசதியைப் பயன்படுத்துவோர், சேமித்த சாவிகளைக் காக்கும் முதன்மைக் கடவுச்சொல்லைத் தவறாமல் அமைத்துக்கொள்ள வேண்டும்.

நீட்சிகளை நான் விட்டுவிடவில்லை. அடிக்கடி எழுத வேண்டிய பதில்களுக்குக் குயிக்டெக்ஸ்ட் என்ற நீட்சி அருமையானது. அது ஒரு நாள் இயங்காமல் போனாலும் கையால் தட்டச்சு செய்துகொள்ளலாம். ஒரு கோப்புறையிலுள்ள அஞ்சல்களை மொத்தமாக வெளியே எடுக்க உதவும் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்.ஜி. பற்றி அவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை. இத்தகைய நீட்சியை நிறுவும்போது, தண்டர்பேர்டையும் உங்கள் கணினியையும் தடையின்றி முழுமையாக அணுக இதற்கு அனுமதி தருகிறீர்களா என்று ஒரு பெட்டி கேட்கும். பலர் படிக்காமலே சரி என்று அழுத்திவிடுகிறார்கள். அந்த அனுமதியைக் கேட்கும் நீட்சிகள் செயலியின் உட்பகுதியைத் தொடுவதால், உள்ளே ஏதாவது மாறும்போது முதலில் பழுதாவதும் அவையே.

2025 மார்ச் முதல் மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் பதிப்பே இயல்பான தரவிறக்கமாக வழங்கப்படுகிறது. அன்றாட வேலைக்கு நீட்சிகளை நம்பியிருப்பவர்கள் அதைத் தவிர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பெரிய மாற்றம் காணும் நீண்ட ஆதரவுப் பதிப்பை நிறுவிக்கொள்வதே நல்லது. அஞ்சல், நாட்காட்டி, மறைகுறியாக்கம் மூன்றும் போதும் என்பவர்களுக்கு, நீட்சி எதுவுமில்லாத தண்டர்பேர்டையே தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பெரும்பாலும் பயனர்களின் நன்கொடையில் நடக்கும் இத்திட்டத்திடம் எனக்குள்ள கோரிக்கை ஒன்றுதான்: கோப்புறைகளை மொத்தமாக ஏற்றுமதி செய்யும் வசதியை அடுத்ததாக உள்ளே கொண்டுவர வேண்டும். தன் கடிதங்களைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும் வழிக்காகப் பயனர் ஒரு தன்னார்வலரின் ஓய்வு நேரத்தைச் சார்ந்திருக்கக் கூடாது.