மூன்று வாலட், மூன்று ஓட்டை: ஃபிஷிங்கை எது தாங்கும்?

போலித் தளம், போலிச் செய்தி மூலம் ஏமாற்றித் திருடுவதுதான் ஃபிஷிங். கிரிப்டோ வைத்திருப்பவரிடம் திருடன் கேட்பது மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: வாலட்டை (கிரிப்டோ பணப்பையை) மீட்டெடுக்கும் சொற்கள், ஒரு கையொப்பம் (வாலட்டில் தரும் மின்னணு ஒப்புதல்) அல்லது உள்நுழைவு விவரம். மெட்டாமாஸ்க் போன்ற பிரவுசர் வாலட், லெட்ஜர், ட்ரெசர் போன்ற கருவி (வாலட்டின் சாவியைத் தனியே வைத்திருக்கும் சிறு சாதனம்), எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) கணக்கு ஆகிய மூன்றுக்கும் பலவீனமான இடம் வேறு வேறு. ‘எது பாதுகாப்பானது’ என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

மீட்புச் சொற்கள்

12 அல்லது 24 சொற்கள் யார் கையில் இருக்கின்றனவோ, காசும் அவர் கையில்தான். இதில் பிரவுசர் வாலட்டுக்கும் கருவிக்கும் வித்தியாசமே இல்லை. கருவிக்கு எத்தனை இலக்க பின் வைத்தாலும் சரி, சொற்களைப் போலித் தளத்தில் தட்டினால் எல்லாம் போய்விடும். 2020இல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் சுமார் 272,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் கசிந்தன. மறு ஆண்டே, மாற்றுக் கருவி என்று சொல்லிப் போலிக் கருவிகள் தபாலில் வீடுதேடி வந்தன. பழைய வாலட்டை மீட்பதற்கும் கருவியின் சொற்களைக் கருவியின் திரையில் மட்டுமே உள்ளிட வேண்டும். கணினியிலும் கைப்பேசியிலும் ஒருபோதும் கூடாது.

கரோசல் போன்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் கருவியை வாங்காதீர்கள். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் எழுதிய அட்டை இருந்தால், அதன் நகல் விற்றவரிடம் இருக்கிறது என்றே பொருள்.

எக்ஸ்சேஞ்சில் உங்களிடம் சொற்களே இல்லை. இந்தச் சுற்றில் அதற்கே வெற்றி.

கையொப்பம்

இன்று அதிகம் ஏமாறும் இடம் இது. 2024 ஜனவரியில் சிங்கப்பூர்க் காவல்துறையும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் வாலட்டைக் காலியாக்கும் ‘ட்ரெய்னர்’ மோசடி பற்றிச் சேர்ந்து எச்சரித்தன. இலவச டோக்கன் (கிரிப்டோ நாணயம்) என்று அழைக்கும் தளத்தில் வாலட்டை இணைத்ததும் ‘பெர்மிட்’ கையொப்பம் ஒன்றைக் கேட்பார்கள். அதற்கு கேஸ் கட்டணம் (பரிவர்த்தனைக் கட்டணம்) கிடையாது. காசு எதுவும் போகவில்லையே என்று தோன்றும். ஆனால் உங்கள் டோக்கன்களை எடுக்கும் அனுமதி அந்தக் கையொப்பத்தில்தான் இருக்கிறது. என்எஃப்டி (டிஜிட்டல் சேகரிப்புப் பொருள்) என்றால் ‘செட் அப்ரூவல் ஃபார் ஆல்’ என்ற சொற்றொடரைப் பாருங்கள். ஒரே ஒப்புதலில் அந்தத் தொகுப்பு முழுவதும் போய்விடும்.

பிரவுசர் வாலட்டில் ஒரு கிளிக் போதும் என்பதால் இங்கே அது மிகப் பலவீனம். கருவியில் பொத்தானை அழுத்தியே ஆகவேண்டும். அதன் சிறு திரை விவரத்தையும் காட்டும். ஆனால் ‘பிளைண்ட் சைனிங்’ (விவரம் பார்க்காமல் கையொப்பமிடும் வசதி) இயக்கத்தில் இருந்தால் திரையில் வருவது புரியாத எழுத்துக் குவியல்தான். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 1.5 பில்லியன் அமெரிக்க டாலர் போனதும் கையொப்பத்தில்தான்: கணினித் திரை காட்டியது ஒன்று, கையொப்பமிட்டது வேறொன்று. திரையைப் படிக்காதவருக்குக் கருவியால் பெரிய பயன் இல்லை.

இன்னொரு தந்திரம். உங்கள் நண்பரின் முகவரியைப் போலவே முதலும் கடைசியும் அமைந்த ஒரு முகவரியிலிருந்து சிறு தொகையோ பூஜ்யமோ வரும். பிறகு நீங்கள் வரவு செலவுப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுத்தால், காசு திருடனுக்குப் போகும். நடு எழுத்துகளையும் ஒப்பிட்டே அனுப்புங்கள்.

உள்நுழைவு

இங்கே தோற்பது எக்ஸ்சேஞ்ச். போலித் தளத்தில் நீங்கள் தட்டும் ஓடிபியைத் திருடன் அதே நொடியில் உண்மைத் தளத்தில் போடுகிறான். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கைப்பேசியோ கணினியோ தரும் பாஸ்கீ அப்படி ஏமாறாது. அது பதிவான தள முகவரியோடு பிணைந்தது. அதோடு பணம் வெளியேறும் முகவரிகளுக்கு அனுமதிப் பட்டியல் வையுங்கள். புதிய முகவரியைச் சேர்த்தால் பல எக்ஸ்சேஞ்சுகள் 24 மணி நேரம் நிறுத்திவைக்கும். அந்த அவகாசம் உங்களைக் காப்பாற்றக்கூடும்.

சிங்கப்பூரில் 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்திக்கு ‘லைக்லி ஸ்கேம்’ (மோசடியாக இருக்கலாம்) அடையாளம் விழுகிறது. டெலிகிராமுக்கும் மின்னஞ்சலுக்கும் அந்தக் காவல் இல்லை. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்சா என்பதை ஆணையத்தின் இணையத்தளத்திலேயே பாருங்கள். வங்கி வைப்புக்கு உள்ள 100,000 வெள்ளி காப்புறுதி கிரிப்டோவுக்குப் பொருந்தாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

எங்கள் தேர்வு

மாதம் நூறு, இருநூறு வெள்ளிக்கு வாங்கி வைப்பவருக்கு உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்சும் பாஸ்கீயும் போதும். தொகை பெரிதானால் கருவிதான். அதை எந்தத் தளத்துடனும் இணைக்காதீர்கள். தளங்களுக்கென்று தனியாக ஒரு பிரவுசர் வாலட், அதில் அன்றைய தேவைக்கு மட்டும் காசு.

தவறாகக் கையொப்பமிட்டுவிட்டால், மிச்சமுள்ள டோக்கன்களை முதலில் வேறு முகவரிக்கு மாற்றுங்கள். பிறகு ஈதர்ஸ்கேனின் (ஈதரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் தளத்தின்) அனுமதிச் சோதனைப் பக்கத்தில் பழைய அனுமதிகளை நீக்குங்கள். பெர்மிட் அந்தப் பட்டியலில் தெரியாமல் போகலாம். அதனால்தான் மாற்றுவது முதலில். சொற்களே கசிந்திருந்தால் அனுமதியை நீக்கிப் பலனில்லை; புதுச் சொற்களோடு புது வாலட்டுக்கு உடனே மாற வேண்டும். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு காவல்துறையில் புகார் செய்யுங்கள். ஏதேனும் சந்தேகமாக இருக்கும்போதே ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைக்கலாம்.