நோ-கோட் பேக்எண்டில் பழைய சோப் சர்வீஸ்: இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் ஆப்பின் பேக்எண்ட் (திரைக்குப் பின்னால் ஓடும் பகுதி) முழுக்க ஒரு நோ-கோட் தளத்தில்தான், அதாவது கோடு எழுதாமலே. டேபிள், லாகின், ஏபிஐ எல்லாமே இழுத்துப்போட்டுச் செய்தவை. ஆர்டர் நிலவரம் மட்டும் இன்னொரு நிறுவனத்தின் பழைய சர்வரிலிருந்து வர வேண்டும். அங்கே இருப்பது 2000-ல் வந்த சோப் (SOAP) 1.1, எக்ஸ்எம்எல்லில் கேட்டு எக்ஸ்எம்எல்லிலேயே பதில் தரும் பழைய முறை. இன்றைய ஏபிஐகள் பேசும் ஜேசன் (JSON) வடிவம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம்.

தளத்தில் சோப்புக்கென்று தனி வசதி கிடையாது. தேவையும் படவில்லை, அதுவும் சர்வருக்குத் தகவல் அனுப்பும் ஒரு எச்டிடிபி போஸ்ட் கால்தானே. சர்வீஸை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலை, சோப்யூஐ என்ற சோதனைக் கருவியில் திறந்தால் மாதிரி என்வலப் (அனுப்ப வேண்டிய எக்ஸ்எம்எல்) கிடைத்துவிடும். அதை டெக்ஸ்ட் பிளாக்கில் ஒட்டி, மாறுகிற இடங்களில் வேரியபிளைச் செருகினேன். முதலில் 415 எர்ரர், அதாவது அனுப்பிய வடிவத்தைச் சர்வர் ஏற்கவில்லை. கன்டென்ட் டைப்பைத் தளம் தானாகவே ஜேசன் என்று அனுப்பிக்கொண்டிருந்தது. டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல் என்று மாற்றி, சோப்ஆக்‌ஷன் ஹெடரைச் (எந்த வேலைக்கான அழைப்பு என்று சொல்லும் வரி) சேர்த்ததும் பதில் வந்தது. ஒரே நாளில் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாவது மாதம் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் பக்கம் காலியாக வந்தது. அவர் வாங்கியிருந்தது ஒரே ஒரு பொருள். விஷயம் இதுதான்: எக்ஸ்எம்எல்லை ஜேசனாக மாற்றும்போது, ஐட்டம் டேக் இரண்டு இருந்தால் லிஸ்ட் கிடைக்கும், ஒன்றே ஒன்று என்றால் வெறும் ஆப்ஜெக்ட். என் லூப் லிஸ்ட்டைத்தான் எதிர்பார்த்தது. சோதித்த ஆர்டர்கள் எல்லாவற்றிலும் நானே இரண்டு மூன்று பொருள் போட்டிருந்தேன், எப்படித் தெரியும்? இப்போது லிஸ்ட்டா என்று பார்த்து, இல்லையென்றால் லிஸ்ட்டுக்குள் போட்டுவிட்டுத்தான் லூப். அதே மாற்றத்தில் 00417 என்ற பொருள் எண் 417 ஆகியிருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. எண்ணாக மாற்றும் ஆப்ஷனை அணைத்தேன்.

பெயரில் & குறி வந்தால் என்வலப் உடையும். முதலில் & குறியை & என்று மாற்றிவிட்டு, அப்புறம்தான் < குறியை < என்று மாற்ற வேண்டும். வரிசை மாறினால் இரண்டு தடவை மாறிப்போகும்.

ரொம்பக் கடுப்பேற்றியது எர்ரர் விஷயம். சோப் 1.1-ல் ஃபால்ட் (பிழைப் பதில்) எல்லாம் எச்டிடிபி 500 என்ற சர்வர் எர்ரராகத்தான் வரும். காரணம் உள்ளே ஃபால்ட்ஸ்ட்ரிங்கில் இருக்கும். தளமோ 500-ஐக் கண்டதும் உள்ளே பார்க்காமல் திரும்பத் திரும்ப முயன்றது. பாஸ்வேர்டு காலாவதியான அன்று அப்படித்தான் எங்கள் கணக்கே லாக் ஆகிவிட்டது. ஆட்டோ ரீட்ரையை அன்றே நிறுத்தினேன்.

இன்னொன்று முழுக்க என் தப்பு. அவர்கள் சர்வரை அப்டேட் செய்தபோது எக்ஸ்எம்எல் டேக்குகளின் முன்னால் என்எஸ்1 என்றிருந்த ப்ரிஃபிக்ஸ் என்எஸ்2 ஆனது. ப்ரிஃபிக்ஸ் வெறும் செல்லப்பெயர், அது குறிக்கும் நேம்ஸ்பேஸ் யுஆர்ஐ என்ற முழு முகவரிதான் நிஜப்பெயர். மாற்ற அவர்களுக்கு முழு உரிமை உண்டு. நான்தான் பதிலிலிருந்து தகவலை எடுக்கும் பாதைகளில் ப்ரிஃபிக்ஸோடு எழுதி வைத்திருந்தேன்.

இத்தனைக்கும் அப்புறம் இது நிம்மதியாக ஓடுகிறது. காரணம், எக்ஸ்எம்எல் எல்லாம் ஒரே ஒரு ஃபங்ஷனுக்குள் அடங்கியிருக்கிறது. மற்ற எந்தப் பக்கத்துக்கும் சோப் இருப்பதே தெரியாது. ஆனால் எக்ஸ்எம்எல் சிக்னேச்சர் (என்வலப்பில் போடும் டிஜிட்டல் கையொப்பம்) கேட்கிற சர்வீஸாக இருந்தால் இந்த டெக்ஸ்ட் பிளாக் வித்தை வேண்டாம். நடுவில் சோப்புக்கென்றே உள்ள பைத்தானின் ஸீப் லைப்ரரியை வைத்துச் சின்னதாக ஒரு சர்வீஸ் எழுதிவிடுவேன்.