குரோம்பேட்டையா, நாவலூரா?

சென்னையில் வீடு வாங்க இரண்டு இடம் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். நாவலூரில் நீச்சல்குளத்தோடு புது ஃப்ளாட். குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் லிஃப்ட் இல்லாத பழைய வீடு. என் ஓட்டு குரோம்பேட்டைக்கே. 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் தடம் அது. இறங்கினால் காய்கறி, மருந்துக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கிற தூரம். வயதான அம்மா யாரையும் எதிர்பார்க்காமல் கோயிலுக்குப் போய்வரலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

நாவலூரில் மின்சார ரயில் கிடையாது, ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) நெரிசலில் பஸ்ஸோ பைக்கோதான். வேலையே பக்கத்து சிறுசேரி ஐ.டி. பூங்காவில் என்றால் கணக்கு மாறும்.

பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் யு.டி.எஸ்., அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் நம் பெயருக்கு வரும் பங்கு, பொதுவாகக் கூடுதல். ஆனால் லிஃப்ட் இல்லை என்பதால் தரைத்தளமோ முதல் மாடியோ பாருங்கள். தரைத்தளம் என்றால், நவம்பர் மழையில் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.