பி.எட். இல்லாமல் ஆசிரியர் வேலைக்குத் தாய்லாந்தா, துபாயா?

டிகிரி மட்டும் இருந்தால் என் ஓட்டு தாய்லாந்துக்குத்தான். அங்கே ஆசிரியர் உரிமம் தருவது குருசபா என்ற மன்றம். உரிமம் இல்லாதவருக்குப் பள்ளியே விண்ணப்பித்து 2 ஆண்டுத் தற்காலிக அனுமதி வாங்கலாம். எந்தப் பாட டிகிரியும் போதும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவரிடம் பெரும்பாலும் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள். அனுமதியைக் காலமெல்லாம் நீட்டிக்க முடியாது, அதற்குள் ஆசிரியர் படிப்பை முடிக்கப் பாருங்கள். "டூரிஸ்ட் விசாவிலேயே பாடம் எடுக்கலாம்" என்கிற ஏஜென்ட்டை விட்டு ஓடுங்கள். வொர்க் பெர்மிட் இல்லாமல் வேலை பார்ப்பது அங்கே குற்றம். அங்குள்ள பெரிய பிரிட்டிஷ் பள்ளிகள் எப்படியும் ஆசிரியர் தகுதி கேட்கும்.

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் சிபிஎஸ்இ பள்ளிகள்கூட பி.எட். கேட்கும். இல்லாதவருக்கு உதவி ஆசிரியர் வேலை கிடைத்தால் உண்டு, சம்பளமும் அந்த அளவுதான். போதாக்குறைக்குச் சான்றிதழ் அட்டெஸ்டேஷன் (அதிகாரபூர்வச் சான்றொப்பம்) அலைச்சல் வேறு.