மூடிய கிடங்கின் பழைய கார் பாகங்கள்: ரசீதில் யார் பெயர் இருக்கிறது?

சிங்கப்பூரில் பழைய கார் வைத்துப் பராமரிக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சுங்கை காடுட் பக்கம் மூடிப்போன ஒரு கிடங்கிலிருந்து எடுத்த சரக்கு என்று சொல்லி, பிரிட்டிஷ் கார்களின் பாகங்களை ஒருவர் விற்கிறார். "அறுபதுகளில் வந்து இறங்கியது, பெட்டிகூடப் பிரிக்கவில்லை" என்பார். என் அப்பா விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் 1000-க்காக அவரிடம் 1,400 வெள்ளிக்குப் பாகங்கள் வாங்கினேன். பிரேக் வீல் சிலிண்டர்கள் (பெடலை மிதித்ததும் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தின் பிரேக்கைத் தள்ளுபவை), இன்ஜின் பற்றவைப்புக்கான கண்டென்சர், கிளட்ச் பிளேட், கதவுக் கைப்பிடிகள், விளக்குக் கண்ணாடிகள்.

காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், வண்டியில் மாட்டும் முன் ஒரு சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த ரப்பர் சீல், நகம் பட்டதுமே பிளந்தது. சிலிண்டரின் உட்சுவரில் துரு அரித்த குழிகள். மற்றவற்றையும் பிரித்தார், எல்லாம் அதே கதிதான். "தம்பி, இதைப் போட்டு ரோட்டுல இறக்கினா உயிருக்கே ஆபத்து" என்றார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. மோரிஸ் மைனரின் பிரேக் ஒற்றைச் சுற்றில் இயங்குவது. நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று. இந்த ஆறில் ஏதாவது ஒன்று கசிந்து எண்ணெய் இறங்கிவிட்டால் பெடல் தரைக்குப் போய்விடும், மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். இன்றைய கார்களில் இரண்டு சுற்றுகள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியைப் பிடிக்கும்.

ரப்பர், பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் முதிர்ந்துகொண்டேதான் இருக்கும். காற்றும் வெப்பமும் போதும், இறுகி வெடித்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் இரும்பும் தப்பாது. ஆகவே 'புத்தம் புதிய பழைய சரக்கு' என்ற பேச்சு பிரேக் சீலுக்கும், பெட்ரோல் ஹோஸுக்கும், பழைய கண்டென்சருக்கும் பொருந்தவே பொருந்தாது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம், தேய்த்தோ ஊதியோ தூசி கிளப்பாதீர்கள். கைப்பிடி, கண்ணாடி, குரோம் பட்டை போன்றவை வேறு விஷயம். எனக்கு வந்த கைப்பிடிகள் அருமையாகப் பொருந்தின, இன்றைய நகல்கள் அப்படிப் பொருந்துவதில்லை.

இன்னொன்று. '1965 சரக்கு' என்று தந்த கண்டென்சர் பெட்டியில் பார்கோடு அச்சடித்திருந்தது! கடையில் ஒரு பொருளை முதன்முதலில் பார்கோடு வைத்து விற்றதே 1974 ஜூனில், அமெரிக்காவின் ஒஹாயோவில்தான். அந்தப் பெட்டி அறுபதுகளில் இறங்கியிருக்க வழியே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. ரசீதில் இருந்த பெயர் மூடிப்போன அந்தக் கம்பெனியுடையது. கம்பெனிப் பதிவுகளைப் பார்க்க உதவும் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் தேடினால், அதன் பதிவு எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் பேநவ் வங்கிப் பரிமாற்றம் வழியாக நான் அனுப்பிய பணம் போனது விற்றவருடைய சொந்தக் கணக்குக்கு. இவரோ, "நான் வெறும் ஏஜெண்ட், கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார். இல்லாத கம்பெனியை எங்கே போய்க் கேட்பது?

குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து இங்கே இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மறுப்பதானால் விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். பழைய பொருளுக்கும் இது உண்டு, அதன் வயதையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் வியாபாரமாக விற்றவர் மீதுதான் இது செல்லும், தனியாள் தன் பொருளை விற்றால் செல்லாது. அந்த ரசீது எதற்கு அப்படி எழுதப்பட்டது என்பது எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பேநவ் பதிவு, பேசிய வாட்ஸ்அப் செய்திகள், பெட்டிகளின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, விற்றவர் மீதே வழக்குப் போட சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போகிறேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே வைக்கலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இவரிடம் நீங்களும் வாங்கியிருந்தால் சிலிண்டர்களை மாட்டாதீர்கள், பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் வண்டியை எடுக்கும் முன் பட்டறையில் காட்டிவிடுங்கள்.