பிரான்ஸ் வழியா, கனடா வழியா?

பல மதத்தவர் வாழும் நாடு, மத அடையாளங்களைத் தடுத்தால் பத்திரமாக இருக்குமா, அனுமதித்தால் பத்திரமாக இருக்குமா? பிரான்ஸ் மத அடையாளத்தைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 2004 சட்டப்படி, அரசுப் பள்ளியில் முக்காட்டுடனோ சீக்கியத் தலைப்பாகையுடனோ எந்தப் பிள்ளையும் வகுப்பில் உட்கார முடியாது.

கனடா 1971-இல் பல பண்பாடுகளையும் ஏற்கும் கொள்கையை அறிவித்து, 1988-இல் அதைச் சட்டமாக்கியது. 1990-இல் மத்தியக் காவல்படையில் சீக்கியர் தலைப்பாகை அணிய அனுமதித்தது. எதிர்த்துப் பெரும் கையெழுத்து இயக்கமே நடந்தும் அரசு பின்வாங்கவில்லை.

தீவிரவாதம் இரு நாடுகளையும் விட்டுவைக்கவில்லை. 2015 நவம்பரில் பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளில் பலர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வளர்ந்தவர்கள். 2017-இல் கனடாவின் கியூபெக் நகர மசூதியில் தொழுகைக்கு வந்த 6 பேரைச் சுட்டுக் கொன்றவனும் அந்த மண்ணில் பிறந்தவனே.

பிள்ளையின் தலைத்துணியை அவிழ்த்தால் நாடு பத்திரமாகிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் ஓட்டு கனடாவுக்கே. ஆனால் அங்கேயே கியூபெக் மாகாணம், புதிதாகச் சேரும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மதச் சின்னம் அணிய 2019-இல் தடை விதித்துவிட்டது.