48,000 போனது போனதுதான்: "ரசாயனமில்லாத பூச்சிக் கட்டுப்பாடு" என்று பள்ளிக்கு வருகிறவர்களிடம் உஷார்

பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு ஆள் அனுப்பிய ஆப்காரர்கள் நேற்று ராத்திரி ஐந்தாவது முறையாக என் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். எதைத் தீர்த்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் வழக்கம்போல "சரி விடு" என்று நானே விட்டுவிடுவேன்.

நான் ஒரு சின்னப் பள்ளியின் பெற்றோர் குழுவில் கணக்குப் பார்க்கிறவள். நூலகத்துக்கு அலமாரி வாங்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்த பணம் 48,000 இருந்தது. இப்போது அலமாரியும் இல்லை, பணமும் இல்லை, கரப்பான் மட்டும் இருக்கிறது, அதுவும் முன்பு இல்லாத அறைகளில் எல்லாம்.

மழலையர் வகுப்பில் இளைப்பு உள்ள ஒரு குழந்தை படிக்கிறாள். கரப்பான் பூச்சியின் எச்சமும் அது உரித்துப்போடும் தோலும் காற்றில் கலந்தால் இளைப்பு கூடும் என்று மருத்துவர் சொன்னதாக அவள் அம்மா வந்து சொன்னார். அந்த வகுப்பை ஒட்டித்தான் குழந்தைகள் சாப்பிடும் அறையும் கைகழுவும் தொட்டியும். அங்கே சாயங்காலம் விளக்கைப் போட்டால் சின்னச் சின்னதாக, பழுப்பு நிறத்தில், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு போட்ட கரப்பான்கள் சிதறி ஓடும். ஜெர்மன் கரப்பான் என்று சொல்வார்களே, அந்த வகை. அதோடு சுண்டெலியும். மருந்து அடித்தால் அந்தக் குழந்தைக்கே ஆபத்து, அடிக்காமல் விட்டாலும் அவளுக்குத்தான் ஆபத்து. இதனால்தான் மருந்தைக் குறைத்துப் பூச்சியைக் கட்டுப்படுத்துகிற ஆளைத் தேடினோம்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஆப் வழியாகத்தான் பிடித்தேன். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த தலைவலி அதுவாகிவிடும். "பள்ளிகளுக்கான ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை, ரசாயனமில்லை, ஒரு வருடப் பொறுப்பு" என்று போட்டிருந்தார்கள். பேச வந்தவர் வகுப்பறைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றினார். அதற்கே நான் பாதி விழுந்துவிட்டேன். முதலில் பார்வையிடுவோம், ஒட்டும் அட்டை வைத்துப் பூச்சி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்போம், ஓட்டைகளை அடைப்போம், பிறகுதான் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஜெல், ஸ்பிரே கிடையவே கிடையாது என்று வரிசையாகச் சொன்னார். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்து வைத்திருந்ததும் அதேதான். நான் கேட்க ஆசைப்பட்டதை அப்படியே சொல்கிறாரே என்று அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அப்படியே தேவைப்பட்டாலும் சாமந்திப்பூச் சாறு மட்டும்தான் மேடம். நானும் ரெண்டு புள்ளைக்கு அப்பன். எம் புள்ள படுக்கிற பாயில அடிக்காததை இங்க அடிப்பேனா?" என்றார். அங்கேதான் மொத்தமாகச் சாய்ந்தேன். வருடம் முழுவதற்கும் முன்பணமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார், 48,000-ஐ ஒரே தவணையில் அனுப்பிவிட்டேன். "பாதி இப்ப கொடுப்போம், பாதி மூணு மாசம் கழிச்சு" என்று தலைமை ஆசிரியை சொன்னார். நான்தான் "பாவம் நல்ல மனுஷன் மாதிரி இருக்காரு டீச்சர்" என்றேன். இதை எழுதும்போது கூசுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் வேறு இரண்டு பையன்கள் வந்தார்கள். பார்வையிட்டது பத்து நிமிடம். டார்ச் இல்லை. தொட்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒட்டும் அட்டைகளைக் கொண்டுபோய் அறையின் நட்ட நடுவில் வைத்தார்கள். கரப்பான் சுவரை ஒட்டி, மூலையை ஒட்டித்தான் நடக்கும், நடுக்கூடத்தில் அட்டை வைத்தால் குழந்தைகளின் சாக்ஸ்தான் மாட்டும், மாட்டவும் செய்தது. தொட்டி ஓரமாகக் கொஞ்சம் ஜெல் புள்ளி வைத்தார்கள். அதுவரை சரி என்றுதான் நினைத்தேன். எனக்கு ஒரு போன் வந்து வெளியே போய்விட்டுத் திரும்பினால், முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு ஒருவன் எல்லாவற்றின் மேலும் அடித்துக்கொண்டிருக்கிறான். சுவர், தரை, பொம்மைப் பெட்டி, குழந்தைகள் மதியம் தூங்கும் பாய். இப்போதுதான் வைத்த அந்த ஜெல் மேலும்!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெல் என்பது கரப்பான் விரும்பித் தின்ன வேண்டிய இரை. தின்றுவிட்டுப் பொந்துக்குப் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் செத்த உடலையும் மற்ற கரப்பான்கள் தின்னும், அவையும் சாகும். அதன் மேல் விரட்டுகிற மருந்தை அடித்தால் எந்தக் கரப்பானும் கிட்டேயே வராது. ஒரு கையால் வைத்துவிட்டு மறு கையால் கெடுத்ததற்கு நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம்.

"இது என்ன மருந்து தம்பி?" என்று கேட்டேன். "ஹெர்பல் அக்கா" என்றான். லேபிளைக் காட்டு என்றால், மருந்து இருந்தது தண்ணீர் பாட்டிலில். இரண்டு நாள் கழித்துக் கழிப்பறைக்குப் பின்னால் அவர்கள் போட்டுவிட்டுப் போன காலி டப்பாவை ஆயாம்மா எடுத்துக்கொண்டு வந்தார். பாதி கிழிந்த லேபிளில் சைபர்மெத்ரின் என்று இருந்தது. சாமந்திப்பூக் கதை எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி எடுப்பது உண்மை, அது வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். சைபர்மெத்ரின் அந்த அமைப்பைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்தது, சீக்கிரம் சிதையாமல் நிற்பதற்காகவே செய்தது. பூவுக்கும் அதற்கும் உள்ள சொந்தம் அவ்வளவுதான். அதைத்தான் தரையில் உருண்டு விளையாடி, விரலை வாயில் வைக்கிற மூன்று வயதுக் குழந்தைகளின் பாயில் அடித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. இரண்டு குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார்கள். யாருக்காக இதை ஆரம்பித்தோமோ அந்தக் குழந்தை பத்து மணிக்கே இளைப்பு வந்து வீட்டுக்குப் போனாள். அவள் அம்மா என்னைத் திட்டவே இல்லை. "உங்களை நம்பித்தானே இருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

பாய்களில் சிலதைத் தூக்கிப் போட்டோம், மற்றதை சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை துவைத்தோம். பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கழுவினோம். அந்தச் செலவு 48,000-ல் சேரவில்லை, அது தனி.

ஒரு வாரத்தில், அதுவரை பூச்சியே இல்லாத நூலகத்திலும் அலுவலக அறையிலும் கரப்பான். மருந்துக்குப் பயந்து இடம் மாறியிருக்கின்றன. போன் போட்டேன். "மருந்து வேலை செய்யுது மேடம், அதான் வெளிய வருது. பதினைஞ்சு நாள் பொறுங்க" என்றார். பொறுத்தேன். பதினைந்து நாள் கழித்துக் குட்டிக் கரப்பான்கள். இந்த வகையில் ஒரு முட்டைக்கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சு இருக்கும், பொரிக்கும் தருணம் வரை தாய் அதைச் சுமந்துகொண்டே திரியும், கூட்டுக்குள் இருக்கிற முட்டையை ஸ்பிரே ஒன்றும் செய்யாது. இதைச் சொன்னால், "நீங்க ரொம்ப கூகுள் பாக்குறீங்க" என்றார். அதற்கு அடுத்த முறை "பள்ளிக்கூடத்துல சுத்தம் பத்தல, அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். அதற்கும் அடுத்த முறை எடுக்கவே இல்லை.

சரி என்று ஆப்பில் புகார் கொடுத்தேன். "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று வந்தது. வேலை செய்ததற்கு ஆதாரமாக அவர்கள் பதிவேற்றிய அறிக்கையை எனக்கே அனுப்பினார்கள். அதில் "இரண்டாம் தளம் ஆய்வு செய்யப்பட்டது" என்று டிக் போட்டிருந்தது. எங்கள் பள்ளிக்கு இரண்டாம் தளமே கிடையாது, மேலே ஏறினால் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. இதை எழுதி அனுப்பியதும் "சேவை நிறைவேறிவிட்டதால் பணம் திரும்பத் தர இயலாது, சேவை அளித்தவரை நேரடியாகத் தொடர்புகொள்ளவும்" என்றார்கள். அவர்தான் போன் எடுப்பதில்லையே ஐயா! 48,000 வாங்கும்போது நடுவில் நின்ற ஆப், திருப்பிக் கேட்டால் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது.

இன்னொன்று. எலிக்கு என்று நான்கு மின்கருவிகளை "இலவசமாக" மாட்டிவிட்டுப் போனார்கள். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலியை விரட்டுமாம். சாப்பிடும் அறையில் மாட்டிய கருவிக்கு நேர் கீழேயே எலிப்புழுக்கை கிடந்தது. இந்த மாதிரிக் கருவிகளை அறிவியல் ஆதாரம் இல்லாமல் விளம்பரப்படுத்துவது பற்றி அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இத்தனை வருடம் கழித்து எனக்கு அதையே பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், செய்ய வேண்டிய வேலையைக் கடைசியில் செய்தது ஆயாம்மாவும் வாட்ச்மேன் அண்ணனும்தான். ஒரு ராத்திரி மூன்று பேரும் டார்ச்சோடு சுற்றினோம். "பென்சில் நுழையுற சந்துல சுண்டெலி நுழையும்மா" என்றார் அண்ணன். அது அளவாகவே சரி, 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும் அதற்கு. சாப்பிடும் அறைக் கதவுக்கு அடியில் பென்சில் என்ன, என் விரலே போனது. கதவடியில் ரப்பர் பட்டை அடித்தோம், குழாய் சுவருக்குள் போகும் ஓட்டைகளில் இரும்பு நாரைத் திணித்துப் பூசினோம். ஒட்டும் அட்டையைச் சுவரோரமாக வைத்து, தேதி எழுதி, காலையில் எண்ணினோம். தொட்டிக்கு அடியில் ஒரே ராத்திரியில் 37, மற்ற இடங்களில் இரண்டு, மூன்று. அங்கே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் பழைய தேர்வுத்தாள் அட்டைப்பெட்டிகள், அதன் மடிப்புகளுக்குள் குடும்பம் குடும்பமாக. பெட்டிகளைத் தூக்கி, குழாய்க்கு வாஷர் மாற்றி, அவர்கள் அடித்த மருந்தின் வாடை போன பிறகு தொட்டிக்கு அடியில் குழந்தைகளின் கை எட்டாத விரிசல்களில் மட்டும் ஜெல் வைத்தோம். போன வாரம் அதே இடத்தில் எண்ணிக்கை 6. நூலகத்தில் மட்டும் இன்னும் குறையவில்லை, அது அவர்கள் விரட்டிவிட்ட கூட்டம். இத்தனைக்கும் ஆன மொத்தச் செலவு அந்த 48,000-ல் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மணி பன்னிரண்டு, அதனால் சுருக்கமாக. முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள், தள்ளுபடி என்றாலும் கொடுக்காதீர்கள். "ஹெர்பல்", "ரசாயனமில்லை" என்ற வார்த்தையை நம்பாதீர்கள், லேபிளோடு டப்பாவைக் கையில் வாங்கி மருந்தின் பெயரைப் போட்டோ எடுங்கள், காட்ட மறுத்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். டார்ச் இல்லாமல் பார்வையிட வருகிறவன் பார்வையிட வரவில்லை. ஆட்கள் வேலை செய்யும்போது போன் வந்தால் எடுக்காதீர்கள், நான் எடுத்தேன்.

அறிவிப்பு ஒட்டச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் 2000-ல் வந்த சட்டப்படி பள்ளியில் மருந்து அடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், அடித்த பிறகும் 72 மணி நேரம் அது இருக்க வேண்டும். விரிசலுக்குள் வைக்கிற ஜெல்லுக்கு அது தேவையில்லை என்று விலக்கும் உண்டு, அந்த வித்தியாசம் சட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் வந்தவர்கள் ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டவில்லை, ஒட்டியிருந்தால் அந்தக் குழந்தையை அவள் அம்மா திங்கட்கிழமை அனுப்பியிருக்க மாட்டார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆப்பிலிருந்து ஒரு செய்தி வந்தது. பணம் வருகிறதோ என்று பதறிப் பார்த்தேன். "உங்கள் பள்ளியின் அடுத்த பூச்சிக் கட்டுப்பாட்டுச் சேவைக்கு 10 சதவீதத் தள்ளுபடி" என்று இருக்கிறது.